சைபருக்குக் கீழே இரண்டு பேர்

என் மகளுக்கு,

ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிற மனிதனை நீ நம்முடைய சல்லி ஊரில் மட்டுமல்ல, திருகோணமலை முழுக்கத் தேடினாலும் காணமாட்டாய். எதிலும் முதல் ஆளாக நிற்பது என் தலைவிதி. நான் வாய் திறந்தால் நீ எழுந்து அறைக்குள் போய்விடுகிறாய். உன் சித்தி நம் இருவருக்கும் நடுவில் தேத்தண்ணி காவிக் களைத்துவிட்டாள். அதனால்தான் இந்தத் தாள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது (நான் அதை விடவில்லை என்பதைக் கவனி), ஆனாலும் துறைமுகக் கரையில் என்னைப் போலக் கடிதம் எழுத ஆளில்லை என்று மூன்று மனேச்சர்மார் சொல்லியிருக்கிறார்கள். ஓமானில் கிடைத்த வேலையை வேண்டாம் என்று எழுதப் போகிறாயாம். மடிக்கணினியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டாயாம். கல்யாணம் முடிந்தாலும் இனி ஒரு திரையையும் தொடமாட்டாயாம். சித்தப்பாவைக் கொல்லப் பார்த்த கை இது என்று உன் கையைக் காட்டிச் சித்தியிடம் அழுதாயாம். மகளே, அந்தக் கைக்கு நான் சொல்லவேண்டியது ஒன்று இருக்கிறது. நம்முடைய மீன் கம்பனியின் கூல் ரூமுக்குள் என்ன நடந்தது என்று நான் ஊருக்கெல்லாம் சொன்னேன், உனக்கு மட்டும் சொல்லவில்லை. ஊருக்குச் சொன்னது வேறு. இது வேறு.

முதலில் உன் தொழிலை நான் விளங்கிக்கொண்ட விதத்தைச் சொல்கிறேன். பிழையிருந்தால் திருத்து, ஆனால் இராது. நம்முடைய மீன் பெட்டிகளை நினைத்துக்கொள். ஒவ்வொன்றிலும் வள்ளக்காரன் பெயர் எழுதின துண்டு ஒன்று தொங்கும். கூல் ரூமை ஓட்டுகிற கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள்ளும் அப்படித்தான், பெயர் போட்ட சிறு சிறு பெட்டிகள். குளிர் எவ்வளவு என்று ஒன்று, விசிறி ஓடுகிறதா என்று ஒன்று, கதவு பூட்டா திறப்பா என்று ஒன்று, உள்ளே ஆட்கள் எத்தனை என்று ஒன்று. அந்தப் பெயர்த்துண்டைத்தான் நீங்கள் டாக் என்கிறீர்கள். ஒப்பரேட்டர் அறையில் இருக்கும் தொடுதிரைக்குப் பின்னால் நீ எழுதிவைக்கும் ஸ்கிரிப்ட் வரிகள் அந்தப் பெட்டிகளை வாசிக்கும், எழுதும். வாசிப்பதென்றால் மூடியைத் திறந்து பார்ப்பது. எழுதுவதென்றால் உள்ளே கிடப்பதைக் கொட்டிவிட்டு நாம் நினைத்ததை வைப்பது. மீன் நிறுக்கிற என் தராசடியில் நின்று இதை நான் லொறிக்காரருக்கு விளக்கினபோது ஒருவர் என்னை எஞ்சினியர் என்றே நினைத்துவிட்டார். நானும் இல்லையென்று சொல்லவில்லை.

உன் அப்பா, என் அண்ணன், அந்தக் கம்பனியில் மின்சார வேலைக்காரர். அங்கே எல்லாருக்கும் மணியண்ணை. பழைய திரையைப் பொருத்த வந்த வெளிநாட்டுக்காரனுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தே ஸ்கிரிப்ட் எழுதப் பழகிக்கொண்டார். வெளிநாட்டுக்காரன் போகும்போது அவர் காலில் விழுந்து கும்பிட்டான் என்று நான் சொல்வதில் பாதியைக் கழித்துக்கொள், மீதி உண்மை. கூல் ரூம் வாசலுக்கு உட்பக்கம் இரண்டு சென்சர் கண்கள் உண்டல்லவா? வெளிக்கண் முதலில் மறைந்தால் ஒராள் வந்தார், உட்கண் முதலில் மறைந்தால் ஒராள் போனார். அந்தக் கணக்கில் அண்ணனுக்கு நம்பிக்கையில்லை. ஒருநாள் என்னிடம் சொன்னார்:

“ரெண்டு பேர் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒட்டிப் போனால் இது ஒராள் எண்டுதான் எண்ணும், தம்பி. பிறகு ஒருத்தன் வெளியில வந்தால் சைபர் காட்டும். மற்றவன் உள்ளுக்க நிற்பான்.”

“அப்ப என்ன செய்யப் போறீங்கள், அண்ணை?”

“சைபர் காட்ட விடமாட்டன். சைபரைக் கண்டால் மனிசன் பார்க்காமல் பூட்டிப்போட்டு வீட்டை போயிடுவான். ஒண்டு எண்டு கிடந்தால் உள்ளுக்க போய் ஒருக்காப் பார்ப்பான்.”

அப்படித்தான் அந்த வரி வந்தது. ஆட்கள் என்ற டாக்கை வாசி, சைபர் என்றால் ஒன்று என்று எழுது. அன்றிலிருந்து அந்த அறை வெறுமையாகக் கிடந்தாலும் திரையில் ஒருவர் உள்ளே இருந்தார். பூட்டுவதற்கு முன் யாராவது உள்ளே போய், கடைசி அடுக்குவரை நடந்து, “ஆரும் நிற்கிறியளோ? பூட்டப் போறம், வாங்கோ!” என்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டு வருவார்கள்.

அண்ணன் போனபோது உனக்கு முன்பல் விழுந்திருந்தது, அம்மாவை அதற்கு முதலே இழந்திருந்தாய். ஆஸ்பத்திரிக் கட்டிலில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, என் கைக்குள் அவர் கை இருக்கத்தான் போனார். நீ அதை நம்பவில்லை. அப்பா எங்கே, அப்பா எங்கே என்று என் சாரத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டே திரிந்தாய். வாசலில் யாராவது செருப்போடு நடந்தால் போதும், எழுந்து ஓடுவாய். அவருடைய றப்பர் செருப்பில் இடது வாரைக் கம்பியால் கட்டியிருந்தார், நடந்தால் சரக், டிக், சரக், டிக் என்று கேட்கும். கூல் ரூமுக்குள் நாங்களெல்லாம் கனத்த பூட்ஸோடு போக, அவர் பூட்ஸ் போடமாட்டேன் என்று அந்தச் செருப்போடுதான் போய்வருவார். உன்னைச் சமாளிக்க முடியாமல் ஒரு பின்னேரம் கம்பனிக்குத் தூக்கிக்கொண்டு போய், ஒப்பரேட்டர் அறைக் கண்ணாடிக்கு வெளியே நிறுத்தித் திரையைக் காட்டினேன். “அங்க பார், ஒண்டு எண்டு கிடக்குதே, அதுதான் அப்பா. உள்ளுக்க வேலையாய் நிற்கிறார்” என்றேன். நீ அந்த இலக்கத்துக்குக் கை காட்டினாய். அழுகை நின்றது. அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் விட்டு வரும்போதெல்லாம் கண்ணாடிக்குள் பார்த்துக் கை காட்டிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவாய். அதை நீ இப்போது பிழை என்கிறாய். எனக்கு அதைவிட நல்ல மருந்து அன்றைக்குத் தெரியவில்லை.

கதை என் வாயில் கிடந்தால் வளராமல் இருக்குமா? தராசடியில் ஒருமுறை சொன்னேன், தேத்தண்ணிக் கடையில் ஒருமுறை சொன்னேன், சீனன்குடாப் பக்கத்து லொறிக்காரர் அதை இறக்கக்கண்டிவரை கொண்டுபோனார்கள். வேலைக்காரர் பூட்டும்போது கூப்பிடும் முறையும் மாறிப்போனது. “மணியண்ணை, பூட்டப் போறம், வாங்கோ!” என்று தொடங்கிவிட்டார்கள். கூப்பிட்டுவிட்டுக் கதவை அகலத் திறந்து, ஒராள் வெளியே வரும் நேரம் விலகி நிற்பார்கள். பிறகுதான் பூட்டு.

நீ தொழில்நுட்பக் கல்லூரி முடித்து, கொழும்புக் கம்பனியில் சேர்ந்து, அதே கூல் ரூமுக்குப் புதுத் திரை போட வந்த நாள் எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? வாசல் காவலாளியிடம் ‘எஞ்சினியர் அம்மா என் மகள்’ என்று சொல்லி, அவனை எழுந்து நிற்க வைத்தேன். ஆனால் பின்னேரம், கூல் ரூம் பூட்டுகிற ரஞ்சன் உள்ளே போய் உன் அப்பாவின் பெயரைக் கூப்பிட்டதைக் கேட்டதும் உன் முகம் போன போக்கு! தராசடிக்கு வந்து எல்லார் முன்னாலும் கேட்டாய்:

“செத்த மனிசனை ஏன் சித்தப்பா ஐஸுக்குள்ள வைச்சிருக்கிறியள்?”

“நானோ வைச்சன்? அவர் தானே நிற்கிறார்.”

“அப்பா ஆஸ்பத்திரியில செத்தவர். நீங்கள்தான் கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தனீங்கள்.”

“ஓம். கை ஆஸ்பத்திரியிலதான் இருந்தது. மற்றது எங்க போனதெண்டு ஆருக்குத் தெரியும்?”

ரஞ்சன் சிரித்தான். நீ சிரிக்கவில்லை. “இத்தனை வருசம் அவர் விறைச்சுக்கொண்டு நிற்கிறார் எண்டு சின்னப்பிள்ளையில நான் போர்வைக்குள்ள கிடந்து யோசிச்சனான், உங்களுக்கு அது பகிடி” என்றாய். எனக்கு அது தெரியாது, மகளே. மருந்து கொடுத்தவனுக்குக் கசப்புத் தெரிவதில்லை.

புதுத் திரையில் நீ அந்த வரியை எடுத்துவிட்டாய். ஆட்கள் டாக்கை வாசி, சைபர் என்றால் பூட்டு என்று எழுது. கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும், விளக்கு அணையும், விசிறி முழு வேகத்தில் ஓடும். குளிர் வீணாகாது. நன்றாகத்தான் எழுதியிருந்தாய். பெட்டி தூக்குகிறவர்களைப் பற்றி அண்ணன் சொன்னதை நான் உனக்குச் சொன்னேனா? சொன்ன மாதிரித்தான் எனக்கு ஞாபகம். நீ இல்லையென்றால், இல்லை. என் கதை அதைவிட ருசியாக இருந்தது, அதனால் அதையே சொல்லிக்கொண்டு இருந்துவிட்டேன். உன் ஸ்கிரிப்டில் பிழை இருந்ததென்றால் அது நான் வாய் திறக்காத ஒரே ஒரு இடத்தில் இருந்தது. வேறு எங்கும் இல்லை.

அன்றிலிருந்து பூட்டும்போது ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை. திரை சைபர் என்றது, கதவு சாத்திக்கொண்டது. பின்னேரத்தில் அந்தக் கூப்பாடு இல்லாமல் முற்றம் ஏதோபோல் கிடந்தது. தராசில் பெட்டி வைக்கும்போது நான் கையை நிறுத்திக் காது கொடுப்பேன், ஒன்றும் வராது. ரஞ்சன் ஒருநாள் வந்து மெல்லச் சொன்னான், “சித்தப்பா, காலமை கதவைத் திறந்து உள்ளுக்க போனால் ஆரோ கதைச்சுக்கொண்டு நிண்டிட்டு டக்கெண்டு நிப்பாட்டின மாதிரிக் கிடக்கு.” (கம்பனியில் எல்லாரும் உன்னைப் பார்த்து என்னைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடுகிறார்கள், மனேச்சர் உட்பட.) நான் அவனை ஏசி அனுப்பினேன். என் கதையை இன்னொருவன் நீட்டினால் எனக்குப் பிடிக்காது. ஆனால் அடுத்த நாள் நானும் உள்ளே போய்ப் பார்த்தேன். அவன் சொன்னது சரி. அறை என்னைக் கண்டு பேச்சை நிறுத்தியது.

பிறகு அந்த மீன். வரப்போகும் உன் கல்யாணத்தின் நாலாஞ்சடங்கு விருந்துக்கு மாப்பிள்ளை வீட்டார் வாயடைக்கவேண்டும் என்று நான் புல்மோட்டை வள்ளக்காரனிடம் சொல்லி எடுத்த அறக்குளா. என் உயரம் என்று ஊருக்குச் சொன்னேன், என் இடுப்பளவு என்று வைத்துக்கொள். முன்னுக்கு ரஞ்சன் வாலைப் பிடிக்க, பின்னுக்கு நான் தலையைப் பிடிக்க, நெருங்கி ஒட்டிக்கொண்டு உள்ளே போனோம். கடைசி அடுக்கில் அதை வைத்துவிட்டு ரஞ்சன் வெளியே போனான், லொறி வந்துவிட்டது. நான் நின்றேன். மீனைப் பார்த்துக்கொண்டு நிற்கத்தான் நின்றேன், எவ்வளவு அழகான மீன்! அப்போது கதவு சாத்துப்பட்டது. விளக்கு அணைந்தது. விசிறி எழும்பியது. வாசலை நோக்கி ஓட வெளிக்கிட்டு, முதல் எட்டிலேயே இருட்டில் வழுக்கிச் சுவரோடு விழ, மேலடுக்கில் இருந்த இரண்டு பெட்டி சரிந்து என் காலை அமத்திக்கொண்டன. திறக்கும் பிடியும் அவசர மணியும் வாசலடியில். நான் கடைசிச் சுவரடியில். கத்தினேன். என் குரல் எவ்வளவு பெரியது என்று உனக்குத் தெரியும். அந்த விசிறிக்கு முன்னால் அது எனக்கே கேட்கவில்லை.

ஊருக்கு நான் சொல்லும் கதையில் அரைநாள் கிடந்தேன். உண்மையில் ஒரு பேணி தேத்தண்ணி ஆறுகிற நேரந்தான் இருக்கும். ஊர்க் கதையில் வெள்ளை வேட்டி, வெளிச்சம், திருநீற்று வாசம் எல்லாம் உண்டு. உனக்குச் சொல்கிறேன், ஒன்றும் காணவில்லை, ஒன்றும் மணக்கவில்லை. கண்ணிமையில் பனி ஒட்டி, பல் கிட்டி, கையில் உணர்ச்சி போய்க்கொண்டிருந்தது. திடீரென்று விசிறி நின்றது. குளிரூட்டும் சுருளில் படிந்த பனியை உருக்க இடைக்கிடை நிற்கும் என்று நீதான் சொல்லியிருக்கிறாய். அந்த அமைதிக்குள் என் வாய் தன்பாட்டில் திறந்தது. உதவி என்று கத்தியிருக்கலாம். ஆனால் வந்தது வேறு. இத்தனை நாளும் ஒருவரும் சொல்லாமல் விட்டது வந்தது.

“மணியண்ணை, பூட்டப் போறம், வாங்கோ!”

எனக்குப் பின்னால் சுவர். சுவருக்கும் எனக்கும் நடுவில் ஒரு பூனை நிற்கவும் இடமில்லை. அங்கிருந்துதான் தொடங்கியது. சரக், டிக். சரக், டிக். அவசரமில்லாமல், வேலை முடித்த மனிதன் நடை. என் தோளோடு கடந்து, அடுக்குகளுக்கு நடுவால் வாசல் பக்கம் போனது. நான் தலையைத் திருப்பவில்லை. நான் பயந்தாங்கொள்ளி இல்லை என்பது ஊரறிந்தது, ஆனாலும் திருப்பவில்லை. வாசலடியில் சத்தம் நின்றது. விசிறி திரும்ப ஓடத் தொடங்கியது.

வெளியே நடந்ததை ரஞ்சன் எனக்குச் சொன்னான். புதுத் திரையைச் சரிபார்க்க இன்னும் சில நாள் வந்துபோன நீ, ஒப்பரேட்டர் அறையில் வெளிக்கிட ஆயத்தமாக இருந்தாய். அவன் லொறியில் உன் திரைக்கு வந்த சாமானுக்கு உன்னிடம் ஒப்பம் வாங்க வந்து நின்றான். நீ பேனையை எடுத்துவிட்டுத் திரையைப் பார்த்தாய். சைபராக இருந்த இலக்கம் மைனஸ் ஒன்று என்று மாறியது. கதவு பூட்டியபடி. “ஒருத்தரும் இல்லாத அறையிலயிருந்து ஆர் வெளிய வந்தது?” என்று உன்பாட்டில் கேட்டாயாம். அவன் திரையைப் பார்த்தான், உன் முகத்தைப் பார்த்தான், பிறகு தராசடியைப் பார்த்தான். “சித்தப்பா எங்க?” என்றான். நீ கதிரையைத் தள்ளி விழுத்திவிட்டு ஓடினாயாம்.

கதவைத் திறந்து ரஞ்சன் பிடித்துக்கொள்ள, நீ மட்டும் கைவிளக்கோடு உள்ளே வந்தாய். பெட்டிகளை இழுத்து என்னை எடுத்தாய். “சித்தப்பா, சித்தப்பா” என்று நீ சொன்னதை நான் சாகும்வரை வைத்திருப்பேன். அடுக்குகளைப் பிடித்துப் பிடித்து நான் முன்னுக்கு நொண்டினேன், நீ பின்னுக்கு வெளிச்சம் பிடித்துக்கொண்டு வந்தாய். ஒருவர் பின் ஒருவராக வெளியே வந்தோம். அதற்குப் பிறகு உன்னை நான் கவனித்தேன், மகளே. எல்லாரும் என் காலைப் பார்க்க, நீ போய்த் திரையைப் பார்த்தாய். அதில் மைனஸ் இரண்டு என்று கிடந்தது. நீ உள்ளே வந்ததும் போனதும் சரிக்குச் சரி. நான் எண்ணப்படாமல் இருந்து வெளியே வந்தது ஒன்று. எட்டாம் வகுப்பு எனக்கே கணக்கு வருகிறது, உனக்கு வராதா? பனித்துண்டு விழுந்து சென்சரை மறைத்திருக்கும் என்று மனேச்சருக்குச் சொன்னாய். பனித்துண்டு மேலிருந்து கீழே விழும். உட்கண்ணை முதலில் மறைத்து வெளிக்கண்ணைப் பிறகு மறைத்து நடந்து போகாது. அதைத்தான் நீ வீட்டில் உன் அறைக்குள் இருந்து யோசிக்கிறாய் என்று எனக்குத் தெரியும். சித்தப்பாவைக் கொல்லப் பார்த்தேன் என்று வெளியே சொல்கிறாய், உள்ளே வேறொன்றைக் கேட்டுக்கொண்டிருக்கிறாய்.

கேட்காதே. நீ விரும்பியது நடந்துவிட்டது. அப்பா வெளியே வந்துவிட்டார். திரையே சொல்லிவிட்டது, நான் வேறு சாட்சி. நான் வளர்த்த கதைக்குள் அவரைப் பிடித்து வைத்திருந்தது நானென்றால், கூப்பிட்டு அனுப்பியதும் நான்தான். அதற்கு எனக்கு ஒரு மாலை போட்டாலும் தகும். இனி அவர் விறைத்துக்கொண்டு நிற்கவில்லை. போர்வையை இழுத்து மூடிக்கொண்டு நித்திரை கொள்.

ஆனால் வேலையை விடாதே. பிழைத்த கையை மடக்கி வைப்பவர்கள் இரண்டாம் முறை ஒருவரையும் காப்பாற்றமாட்டார்கள். நீ எழுதினது என்னைப் பூட்டியது உண்மை. நீ வாசித்தது என்னைத் திறந்ததும் உண்மை. மைனஸ் ஒன்றைக் கண்டதும் ‘திரை பிழைக்கிறது’ என்று தட்டிவிட்டுப் போகாமல், யார் என்று கேட்டாயே, அதற்குத்தான் ஓமான்காரன் உனக்குச் சம்பளம் தரப்போகிறான். ஓமானிலும் பெட்டிகள் இருக்கும், அவற்றுக்குள் மனிதர் இருப்பார்கள். அங்கேயும் எழுதுவதற்கு முன் மூடியைத் திறந்து பார். மாப்பிள்ளையிடமும் அப்படியே இரு. அவர் மனதில் கிடப்பதை வாசிக்காமல் நீ நினைத்ததை எழுதாதே. நான் உன் சித்தியிடம் முப்பது வருடமாக எழுதிக்கொண்டே இருக்கிறேன், அவள் ஒன்றையும் ஏற்றுக்கொள்ளவில்லை.

இப்போது கம்பனியில் ஒரு சிக்கல். திரை இன்னும் மைனஸ் இரண்டில் நிற்கிறது. கடவுச்சொல் உன்னிடம். தானாகப் பூட்டுவதை நிறுத்திவிட்டுக் கையால் பூட்டுகிறார்கள். ஆனால் பூட்டுவதற்கு முன் யார் போய்ப் பார்ப்பது, எதற்காகப் பார்ப்பது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ரஞ்சன் முந்தநாள் என் காலைப் பார்க்க வந்தான். “சித்தப்பா, மணியண்ணை போயிட்டார் எண்டால் இனி ஆரைக் கூப்பிடுறது? சும்மா வெறும் அறையைப் பார்த்துக் கூப்பிட வாய் வருகுதில்லை” என்றான். நான் யோசிக்கவில்லை, நல்ல யோசனைகள் எனக்கு அப்படித்தான் வரும். “என்னைக் கூப்பிடுங்கோவன்” என்றேன். “நீங்கள் உயிரோட இருக்கிறியளே!” என்றான். “அதுக்கென்ன, சத்தமாய்க் கூப்பிடு” என்றேன். துறைமுகக் கரையில் ஒவ்வொரு பின்னேரமும் பெயர் சொல்லிக் கூப்பிடப்படும் மனிதன் வேறு யார் இருக்கிறான்?

நேற்றுப் பின்னேரம் விறாந்தையில் காலை நீட்டிக்கொண்டு இருந்தேன். கையில் தேத்தண்ணி. இங்கிருந்து கம்பனிக்கு எவ்வளவு தூரம் என்று உனக்குத் தெரியும், பஸ்ஸுக்கே அலுக்கும். பேணியை வாய்க்குக் கொண்டுபோன இடத்தில் என் வாய் தன்பாட்டில் திறந்தது. “ஓம், வாறன்” என்றேன். உன் சித்தி குசினிக்குள் இருந்து தலையை நீட்டினாள். “ஆரோட கதைக்கிறியள்?” என்றாள். நான் சுற்றிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. பிறகு ரஞ்சன் தொலைபேசியில் சொன்னான், அந்த நேரந்தான் முதல்தரம் கூப்பிட்டார்களாம். கூப்பிட்டுவிட்டுக் கதவை அகலத் திறந்து விலகி நின்றார்களாம். “வந்தனீங்கள்தானே, சித்தப்பா?” என்று பகிடியாய்க் கேட்டான். நான் சிரித்தேன். எழுந்து நிற்கப் பார்த்தபோது காலில் கூல் ரூம் பூட்ஸின் கனம் இருந்தது. காலில் பூட்ஸ் இல்லை.

இதை நான் நீட்டவில்லை, மகளே. அதனால் நாளைக் காலை அலுமாரியைத் திற. போய் அந்தத் திரைக்கு முன்னால் இரு. ஆட்கள் டாக்கை வாசி, சைபரும் அதற்குக் கீழேயும் என்றால் ஒன்று என்று எழுது. ஒன்று என்று கிடந்தால்தான் யாராவது கடைசி அடுக்குவரை வந்து பார்ப்பார்கள். கூப்பிட்டால் நான் வந்துவிடுவேன். கூப்பிடவேண்டும்.

உன் சித்தப்பா